மூங்கிலில் வாழும் எழுத்து

 

எழுதுவதற்கு வேண்டிய பொருள்கள் யாவை என்று கேட்டால், தாளும் எழுதுகோலும் என்று உடனே விடையிறுப்பீர்கள். ஒரு மூங்கில் துண்டும் கூரிய கத்தி ஒன்றும் இருந்தால் போதும் என்று கூறும் மக்களும் இவ்வுலகில் இருக்கின்றனர். அவர்கள் நமக்கு மிகத் தொலைவில் வாழ்பவர்கள் அல்லர். சபா மாநிலத்திற்கு அப்பால் கடலைக் கடந்தால் பிலிப்பைன்ஸ் நாடு. அந்நாட்டுத் தீவுகளுள் ஒன்றான மிண்டோரோவின் தென்பகுதி மலைகளில் வாழும் ஹனுனோ மக்களே அவர்கள்.

எண்ணிக்கையில் அவர்கள் சிறியவர்கள். அவர்களுக்கென்று தனி அரசு இல்லை. பெரிய நகரம் இல்லை. ஆயினும் அவர்களுக்கென்று ஓர் எழுத்து உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் பெரிய இனத்தார் தங்கள் பழைய எழுத்தை விட்டு ரோமன் எழுத்துக்கு மாறிய பின்னரும் இச்சிறு மலைவாழ் மக்கள் தம் எழுத்தைக் கைவிடவில்லை. மூங்கிலில் வளர்ந்த அவ்வெழுத்து இன்று கணினியிலும் இடம்பெற்றுள்ளது.

சிறிய இனம் ஒன்று தன் எழுத்தை எவ்வாறு காத்தது? கணினிக்குள் அதனை எவ்வாறு கொண்டுவந்தனர்? இவ்விரண்டையும் நாம் அறிந்துகொண்டால், தமிழ்ப்பள்ளியில் நாள்தோறும் நாம் எழுதும் எழுத்தின் அருமையும் நமக்கு விளங்கும்.

தீவும் மக்களும்

மிண்டோரோ, பிலிப்பைன்ஸ் தீவுகளுள் ஏழாவது பெரியது. தலைநகர் மணிலா அமைந்துள்ள லூசோன் தீவுக்குத் தெற்கே அது உள்ளது. அத்தீவின் பழங்குடி மக்கள் அனைவரையும் மங்யான் என்னும் பொதுப்பெயரால் அழைப்பர். மங்யான் மக்களுள் எட்டுப் பிரிவினர் உள்ளனர். அவர்களுள் இரு பிரிவினர்க்கே சொந்த எழுத்து உண்டு. ஒரு பிரிவினர் புஹிட். மற்றொரு பிரிவினர் ஹனுனோ. ‘ஹனுனோ’ என்னும் சொல்லுக்கு ‘உண்மையான’ என்பது பொருள்.

இவர்கள் மலைச்சரிவுகளில் காட்டைத் திருத்தி நெல்லும் சோளமும் கிழங்கும் பயிரிடுவர். சில ஆண்டுகள் பயிரிட்ட நிலத்தை மீண்டும் காடாக வளரவிட்டு வேறிடம் செல்வர். ஹாரல்ட் காங்க்லின் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் இவர்களோடு தங்கி இவர்தம் மொழியையும் வேளாண்மையையும் ஆராய்ந்தார். ஹனுனோ மக்கள் 1,600-க்கும் மேற்பட்ட செடிகொடி வகைகளைப் பெயர் சொல்லி வேறுபடுத்த வல்லவர்கள் என்று அவர் கண்டறிந்தார். பள்ளிக்கூடமே காணாதவரை அறிவில்லாதவர் என்று எண்ணுவது எத்துணைப் பெரிய தவறு என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

கத்தியே எழுதுகோல்

ஹனுனோ எழுத்தைச் ‘சூராட் மங்யான்’ என்பர். ‘சூராட்’ என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மாணவர்கள் புன்னகை புரிவர். மலாய் மொழியில் கடிதத்தைக் குறிக்கும் சொல்லும் அதுவே அன்றோ?

இதனை எழுதும் முறை விந்தையானது. எழுதுபவர் மூங்கில் துண்டின் ஒரு முனையைத் தம் உடலை நோக்கியும் மறு முனையை வெளியே நோக்கியும் பிடித்துக்கொள்வார். கத்தியின் நுனியால் மூங்கிலின் மேற்பட்டையைக் கீறுவார். பால்மரம் வெட்டிய நம் பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் ஓர் உண்மை நன்கு தெரியும். கூரிய கத்தியைக் கையாளும்போது கை போகும் திசையே முதன்மையானது. அதுபோலவே ஹனுனோ மக்களும் கத்தியைத் தம்மை நோக்கி இழுக்காமல் தம்மிடமிருந்து விலக்கித் தள்ளியே கீறுவர். இதனால் அவர்களுடைய எழுத்து கீழிருந்து மேல்நோக்கிச் செல்கிறது. ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை அதற்கு வலப்புறத்தில் மீண்டும் கீழிருந்து தொடங்கும். கீறல்கள் நன்கு தெரியும்பொருட்டுக் கரியைத் தேய்ப்பதும் உண்டு.

தமிழ் இடமிருந்து வலம் செல்வது. ஜாவி வலமிருந்து இடம் செல்வது. பழைய சீன நூல்கள் மேலிருந்து கீழ் செல்வன. கீழிருந்து மேல் செல்லும் எழுத்து உலகில் மிக அரிது. படிக்கும்போது அம்மக்கள் மூங்கிலைத் தமக்கு வசதியான வாக்கில் திருப்பிக்கொண்டு படிப்பர். இடக்கைப் பழக்கம் உடையவர் எழுதினால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி அமைவதும் உண்டு. அதனைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. படிப்பவர்க்கு அது தடையும் அன்று.

நாற்பத்தெட்டு எழுத்துகள்

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள் என்பதை முதலாம் ஆண்டிலேயே கற்கிறோம். ஹனுனோ எழுத்தின் கணக்கு இதனினும் எளியது. அதில் அ, இ, உ என மூன்றே உயிர்கள். மெய்யொலிகள் பதினைந்து. ஒவ்வொரு மெய்யொலிக்கும் மூன்று வடிவங்கள் உண்டு. எனவே 15-ஐ 3-ஆல் பெருக்க 45, உயிர்கள் 3, ஆக மொத்தம் 48.

இவ்வெழுத்தின் அமைப்பு நமக்குப் புதியதன்று. தமிழில் ‘க’ என்று எழுதினால் அதற்குள் அகரம் அடங்கியிருக்கிறது. ‘கி’ வேண்டுமாயின் ஒரு விசிறியைச் சேர்க்கிறோம். ‘கு’ வேண்டுமாயின் அடியில் வளைக்கிறோம். ஹனுனோ எழுத்திலும் அப்படியே. அடிப்படை எழுத்தில் அகரம் அடங்கியிருக்கும். இகரத்திற்கு ஒரு சிறு கோடு. உகரத்திற்கு வேறொரு சிறு கோடு. அவ்வளவே.

ஆங்கிலம்போல் உயிரையும் மெய்யையும் தனித்தனியே அடுக்கி எழுதும் முறை அன்று இது. நம் உயிர்மெய் முறையே கடல் கடந்து ஒரு மலையுச்சியில் மூங்கிலில் வாழ்கிறது எனலாம்.

புள்ளி இல்லாவிடின் என்ன ஆகும்?

ஒன்றில் மட்டும் ஹனுனோ எழுத்து நம் எழுத்தினின்று வேறுபட்டது. பழைய ஹனுனோ எழுத்தில் புள்ளி வைத்த மெய் கிடையாது. சொல்லின் இறுதியில் வரும் மெய்யையும், இடையில் மற்றொரு மெய்க்கு முன் வரும் மெய்யையும் அவர்கள் எழுதாமலே விட்டுவிடுவர். ‘மங்யான்’ என்னும் தங்கள் பெயரையே ‘ம’, ‘ய’ என இரண்டு எழுத்துகளில் எழுதி முடிப்பர். மற்றவற்றைப் படிப்பவரே அறிந்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

மாணவர்களே, இதனை ஒரு விளையாட்டாகச் செய்து பாருங்கள். ஹனுனோ முறையில் தமிழை எழுதுவோம். ‘பத்து’ என்பது ‘பது’ ஆகும். ‘பந்து’ என்பதும் ‘பது’ ஆகும். படம், பட்டம், பாடம் மூன்றும் ‘பட’ என்றே நிற்கும். கல், கண், கால், காய் எல்லாம் ‘க’ என்னும் ஒற்றை எழுத்துக்குள் ஒடுங்கிவிடும். உங்கள் நண்பர்க்கு இம்முறையில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அவர் எத்துணை நேரம் தலையைச் சொறிகிறார் என்று பாருங்கள்!

அப்படியானால் ஹனுனோ மக்கள் எவ்வாறு படிக்கின்றனர்? தங்கள் மொழியை நன்கு அறிந்தமையால் படிக்கின்றனர். முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டு பொருளை உணர்கின்றனர்.

நம் முன்னோர் நிலையும் ஒரு காலத்தில் இதற்கு நெருங்கியதாகவே இருந்தது. தமிழின் மிகப் பழைய கல்வெட்டுகளில் புள்ளி காணப்படுவதில்லை. மெய் எழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. எனினும் பனையோலையில் எழுதியோர், எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டே எழுதினர். மெய் எது, உயிர்மெய் எது என்பதை ஓலையைப் படிப்பவர் தம் மொழியறிவால் உணர்ந்துகொண்டார். எழுதும் பொருளும் கருவியும் எழுத்தின் வடிவத்தை மாற்றுகின்றன என்பது ஓலைக்கும் பொருந்தும், மூங்கிலுக்கும் பொருந்தும்.

ஹனுனோ எழுத்தின் இக்குறையை நீக்க வழி கண்டவர் அந்தூன் போஸ்ட்மா. இவர் நெதர்லாந்து நாட்டவர். சமயப் பணிக்காக மிண்டோரோவுக்கு வந்தவர். மன்சாலை வட்டாரத்தில் உள்ள பனய்தாயான் என்னும் ஊரில் ஹனுனோ மக்களோடு நெடுங்காலம் வாழ்ந்து அவர்தம் பாடல்களைத் தொகுத்தார். மெய்யொலியைக் காட்ட அவர் ஒரு குறியைச் சேர்த்தார். அதற்குப் ‘பமுட்போட்’ என்று பெயர். நம் புள்ளி செய்யும் வேலையை அது செய்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த துறவி ஒருவர் எழுத்தைத் திருத்துவது நமக்கு வியப்பளிப்பதன்று. இத்தாலியிலிருந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் தெளிவாக வேறுபடுத்தி எழுத வழி செய்தார் என்பதை நாம் அறிவோம். வீரமாமுனிவர் 1747-ஆம் ஆண்டில் மறைந்தார். போஸ்ட்மா 2016-ஆம் ஆண்டில் மறைந்தார். இருவரும் தமக்குரியது அல்லாத எழுத்தைத் தமதாகவே நேசித்தவர்கள்.

இவ்வெழுத்து எங்கிருந்து வந்தது?

தமிழுக்கும் ஹனுனோவுக்கும் மொழி உறவு சிறிதும் இல்லை. ஹனுனோ, மலாய் மொழியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் எழுத்துக்கு உறவு உண்டு. பழைய இந்தியாவின் பிராமி எழுத்தே இரண்டிற்கும் மூதாதை.

பிராமியின் தென்னாட்டுக் கிளைகளுள் ஒன்று பல்லவர் எழுத்து. வணிகரோடும் துறவியரோடும் அது கப்பலேறிக் கிழக்கே வந்தது. நம் நாட்டிலேயே இதற்குச் சான்று கிடைத்தது. பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் 1834-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்பவர் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் கப்பல் தலைவனின் பெயர் அதில் இருந்தது. சமஸ்கிருத மொழியில் பல்லவர் எழுத்தை ஒத்த வடிவில் ஐந்தாம் நூற்றாண்டளவில் வெட்டப்பட்ட கல் அது.

பல்லவர் எழுத்திலிருந்து ஜாவாவில் ‘காவி’ என்னும் எழுத்து தோன்றியது. அது பிலிப்பைன்ஸ் வரை சென்றது. அந்நாட்டின் லகூனா மாநிலத்தில் மணல் வாரியபோது ஒரு செப்பேடு வெளிப்பட்டது. அதில் காவி எழுத்தில் பழைய மலாய் மொழி எழுதப்பட்டிருந்தது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900 என்று அதில் காலமும் குறிக்கப்பட்டிருந்தது. ஒருவருடைய கடன் தீர்ந்தது என்பதற்கு எழுதிக் கொடுத்த விடுதலைச் சீட்டே அச்செப்பேடு. அதனைப் படித்து உலகிற்கு விளக்கியவர் நாம் மேலே கண்ட போஸ்ட்மா அவர்களே.

காவி எழுத்திலிருந்தோ, அதன் உறவான சுமத்திரா, சுலாவெசித் தீவுகளின் எழுத்துகளிலிருந்தோ பிலிப்பைன்ஸ் எழுத்துகள் கிளைத்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. அவர்கள் எவ்வழியைச் சொல்லினும் வேர் பிராமியே.

பெரியோர் இழந்ததைச் சிறியோர் காத்தனர்

ஸ்பெயின் நாட்டினர் பதினாறாம் நூற்றாண்டில் பிலிப்பைன்சுக்கு வந்தபோது தகாலோக் முதலிய பல இனத்தார் தங்கள் சொந்த எழுத்தில் எழுதிவந்தனர். 1593-ஆம் ஆண்டில் மணிலாவில் அச்சிடப்பட்ட கிறித்தவ சமய நூல் ஒன்றில் தகாலோக் எழுத்தும் ரோமன் எழுத்தும் இடம்பெற்றுள்ளன. ஆயினும் நாளடைவில் ரோமன் எழுத்தே ஓங்கியது. பள்ளி, கோயில், அலுவலகம் எங்கும் அதுவே வழங்கியது. தகாலோக் மக்களின் பழைய எழுத்து மெல்ல மெல்லக் கையைவிட்டு நழுவி வழக்கொழிந்தது.

ஆனால் ஸ்பானியர் ஆட்சி எளிதில் எட்டாத இடங்களில் மூன்று எழுத்துகள் உயிர் பிழைத்தன. மிண்டோரோ மலைகளில் ஹனுனோவும் புஹிட்டும், பலவான் தீவில் தக்பன்வாவும் அவை.

மலை மட்டுமா காத்தது? இல்லை. மலையில் வாழ்ந்த பலர் எழுத்தே இல்லாமலும் வாழ்ந்தனர். ஹனுனோ எழுத்தைக் காத்தது பாட்டு.

‘அம்பாஹான்’ என்பது ஹனுனோ மக்களின் பாட்டு வகை. ஒவ்வோர் அடியும் ஏழு அசைகள் கொண்டது. அடியிறுதிகள் ஒத்த ஓசையில் முடியும். நேரே சொல்லாமல் செடி, கொடி, பறவை, வழிப்பயணம் இவற்றின்மேல் ஏற்றிச் சொல்வது அதன் அழகு. பெற்றோர் பிள்ளைகளுக்கு நல்லுரை கூற அம்பாஹான் பாடுவர். விருந்தினர் பசியை உணர்த்தப் பாடுவர். பிரியும்போது விடைபெறப் பாடுவர். மணப்பருவம் எய்திய ஆணும் பெண்ணும் தங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கவும் இதையே நாடுவர். நல்ல பாட்டு ஒன்றைக் கேட்டால் மறவாதிருக்க மூங்கிலில் பொறித்து வைப்பர். தொலைவில் உள்ளார்க்குக் கடிதம் எழுதவும் அம்மூங்கிலே தாள்.

எனவே அங்கே இளைஞர்கள் எழுத்தைக் கற்க எவரும் பிரம்பு எடுக்க வேண்டியதில்லை. தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. நண்பர்களிடமும் உறவினர்களிடமும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கின்றனர். தம் பாட்டைப் பிறர்க்கு அனுப்ப வேண்டும். பிறர் பாட்டைத் தாம் படிக்க வேண்டும். இந்த ஆவலே அவர்களுக்கு ஆசிரியர்.

அம்பாஹான் பாடுவதில் புகழ்பெற்றவர் கினாவ் பிலோக் என்னும் ஹனுனோ கவிஞர். பனய்தாயான் ஊரைச் சேர்ந்த அவர், மூங்கில்களிலும் பழைய குறிப்பேடுகளிலும் பாடல்களைப் போற்றிக் காத்தார். பிலிப்பைன்ஸ் அரசு 1993-ஆம் ஆண்டில் அந்நாட்டு மரபுக் கலைஞர்க்குரிய மிக உயர்ந்த விருதை அவருக்கு வழங்கிச் சிறப்பித்தது. 2003-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1999-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பிலிப்பைன்சின் பழைய எழுத்துகளை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. மூங்கிலில் கத்தியால் கீறிய எழுத்து உலகின் கருவூலங்களுள் ஒன்றாயிற்று!

மூங்கிலிலிருந்து கணினிக்கு

இனிக் கணினியின் கதைக்கு வருவோம்.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். நாம் ‘க’ என்று தட்டினால் அது ஓர் எண்ணையே தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. முன்னாளில் ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பம்போல் எண்களை அமைத்துக்கொண்டது. ஒருவர் தமிழில் எழுதி அனுப்பியதை வேறோர் எழுத்துரு வைத்திருந்தவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. தொடக்கக் காலத்தில் தமிழில் தட்டச்சு செய்த பெற்றோர்க்கு இத்தொல்லை நினைவிருக்கும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க வந்ததே ஒருங்குறி. உலகின் எழுத்துகள் அனைத்திற்கும் ஒரே பொது எண் பட்டியல் அது. முதற்பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலேயே தமிழ் இருந்தது. ‘க’ எழுத்தின் எண் 2965. உலகின் எந்த மூலையில் எந்தக் கணினியில் திறந்தாலும் 2965 என்றால் ‘க’தான்.

ஹனுனோ எழுத்து 2002-ஆம் ஆண்டில் ஒருங்குறியின் 3.2-ஆம் பதிப்பில் இடம்பெற்றது. புஹிட், தக்பன்வா, தகாலோக் எழுத்துகளும் உடன் வந்தன. ஹனுனோவுக்கு 23 எண்கள் ஒதுக்கப்பட்டன. அடிப்படை எழுத்துகள் 18, இகர, உகரக் குறிகள் 2, பமுட்போட் 1, நிறுத்தக் குறிகள் 2. ஹனுனோ ‘க’வின் எண் 5923. இகரக் குறியின் எண் 5938. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ‘கி’. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தராமல் குறிகளைச் சேர்த்து எழுதுவது போன்றதே இம்முறையும்.

அப்பட்டியலில் ஹனுனோ எழுத்துகள் நிற்கும் வரிசையைக் கேளுங்கள். முதலில் அ, இ, உ. பின்னர்க் ககர வரிசை, ங. தகர வரிசை, ந. பகர வரிசை, ம. அதன்பின் ய, ர, ல, வ. இறுதியில் ஸ, ஹ. இதனைக் கேட்டதும் நம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளும் உடன்சேர்ந்து ஒப்பித்துவிடுவர். அது பழைய இந்திய நெடுங்கணக்கின் வரிசையே.

மற்றொரு செய்தியும் உண்டு. ஹனுனோ மக்களுக்காகப் போஸ்ட்மா அமைத்த பமுட்போட் குறியைத் தகாலோக் எழுத்தை மீண்டும் எழுதத் தொடங்கியோரும் விரும்பி மேற்கொண்டனர். 2021-ஆம் ஆண்டில் தகாலோக் எழுத்திற்கும் அக்குறி ஒருங்குறியில் சேர்க்கப்பட்டது. எழுத்தை இழந்த பெரிய இனம் எழுத்தைக் காத்த சிறிய இனத்திடமிருந்து ஒரு குறியைக் கடன் பெற்றது!

எழுத்துருவின் வேலை

எண் மட்டும் போதுமா? போதாது. 5923 என்னும் எண்ணைக் கண்டால் எந்த வடிவத்தை வரைவது என்று கணினிக்குச் சொல்லித்தர வேண்டும். அவ்வடிவங்களின் தொகுப்பே எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்களே தோன்றும். கூகுள் நிறுவனம் உலக எழுத்துகளுக்காக ‘நோட்டோ’ என்னும் இலவச எழுத்துரு வரிசையை உருவாக்கியது. அக்கட்டங்கள் நம் சந்தையில் விற்கும் வெள்ளைச் சோயாக் கட்டியைப் போல் இருப்பதால், ‘இனி அக்கட்டிகள் வேண்டா’ என்னும் பொருளில் அப்பெயர் இடப்பட்டது. அவ்வரிசையில் ஹனுனோவுக்கும் ஓர் எழுத்துரு உண்டு.

ஹனுனோ எழுத்துரு செய்வது எளிய வேலை அன்று. தமிழில் உகரம் சேரும்போது கு, சு, டு, து, பு, மு என வடிவம் ஒவ்வோர் எழுத்திலும் வேறுபடுகிறது அன்றோ? ஒரே குறியை எல்லா எழுத்தின் அடியிலும் ஒட்டிவிட முடியாது. ஹனுனோவிலும் குறிகள் எழுத்தோடு இணையும்போது இணைந்த வடிவங்கள் தோன்றுகின்றன. எனவே எழுத்துரு செய்பவர் 23 வடிவங்களை வரைந்தால் போதாது. இணைந்த வடிவங்களையும் வரைய வேண்டும். எந்த எழுத்தின் பின் எந்தக் குறி வந்தால் எந்த வடிவம் தோன்ற வேண்டும் என்னும் விதிகளையும் எழுத்துருவிற்குள் எழுதி வைக்க வேண்டும்.

இத்தகைய உழைப்பு தமிழுக்கும் வேண்டியிருந்தது. அதில் நம் நாட்டவர்க்கும் அண்டை நாடான சிங்கப்பூரினர்க்கும் பெரும்பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டில் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் கொண்டுவர அரும்பாடுபட்டார். 1997-ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடைபெற்றது. இன்று கைப்பேசியில் தமிழ் தோன்றுவது தானாக நிகழ்ந்தது அன்று. பலர் இரவு பகலாக உழைத்ததன் பயன் அது.

பெற்றதும் இழந்ததும்

எழுத்துருவால் ஹனுனோ எழுத்து பெற்ற நன்மைகள் பல. மூங்கிலைப் பூச்சி அரிக்கும், எண்ணை அரிக்காது. தொகுத்த பாடல்களை அவற்றின் சொந்த எழுத்திலேயே நூலாக அச்சிடலாம், பாடநூல் செய்யலாம், கடல் கடந்து வாழும் உறவினர்க்கு நொடியில் அனுப்பலாம்.

ஆனால் எழுத்துருவால் எல்லாவற்றையும் காக்க இயலாது. கீழிருந்து மேலேறும் எழுத்து கணினியில் இடமிருந்து வலமாகப் படுத்துக்கொள்கிறது. இடக்கையாளர் எழுதும் மாறிய வடிவம் அங்கே இல்லை. மூங்கிலில் ஒருவர் கையெழுத்து மற்றவர் கையெழுத்தைப் போல் இராது; எழுத்துருவிலோ எல்லாம் ஒரே அச்சு. கத்தி அழுந்திய ஆழமும், எழுதியவர் கை நடுங்கிய இடமும் எண்ணுக்குள் அடங்கா.

இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. மங்யான் பிள்ளைகள் இன்று பள்ளியில் பிலிப்பினோவும் ஆங்கிலமும் கற்கின்றனர். அவை ரோமன் எழுத்தில் உள்ளன. வேலைக்கும் நகர வாழ்வுக்கும் அவையே உதவுகின்றன. நாளைக்கு ஓர் இளைஞன் தன் மனத்தில் உள்ளதை எந்த எழுத்தில் எழுதுவான்? எழுத்துரு அவன் கைக்கு எட்டும் தொலைவில் காத்திருக்கும். ஆனால் அவனுக்காக அது எழுதிவிடாது.

நமக்குரிய பாடம்

அன்பர்களே, இக்கேள்வி மிண்டோரோ மலையில் மட்டும் எழுவதன்று. நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது.

நமக்கு 247 எழுத்துகள் உண்டு. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உண்டு. கணினியில் எழுத்துருக்களுக்கும் பஞ்சமில்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தும் நம் தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. ஒரு கையில் பால் வாளியும் மறு கையில் பிள்ளையின் விரலுமாக நடந்த பெற்றோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் இது.

இருந்தும் நம் கைப்பேசிகளைத் திறந்து பார்ப்போமாக. அம்மாவுக்கு மகன் அனுப்பும் செய்தி, தங்கைக்கு அக்காள் அனுப்பும் வாழ்த்து, உறவினர் அனுப்பும் திருமண அழைப்பு ஆகியவற்றுள் எத்தனை தமிழ் எழுத்தில் உள்ளன? சொல் தமிழாக இருக்கிறது. எழுத்தோ ரோமனாக இருக்கிறது. ‘பள்ளி’ என்னும் சொல்லும் ‘பல்லி’ என்னும் சொல்லும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஹனுனோ மக்கள் தம் எழுத்தில் புள்ளி இல்லாமையால் பொருளை ஊகித்துப் படித்தனர். நமக்கோ புள்ளியும் உண்டு. ளகரமும் லகரமும் ழகரமும் உண்டு. எல்லாம் இருந்தும் நாம் ஊகித்துப் படிக்கும் நிலைக்கு நம்மை நாமே ஆளாக்கிக்கொள்கிறோம்.

தகாலோக் மக்களின் எழுத்தை ஒரே நாளில் எவரும் பறித்துக்கொள்ளவில்லை. ஒரு கடிதம், ஒரு கணக்கு, ஒரு கையொப்பம் என்று சிறிது சிறிதாகவே அது நழுவியது. எழுத்து அவ்வாறே போகும். அவ்வாறே நிலைக்கவும் செய்யும். ஹனுனோ இளைஞர்கள் யாருடைய கட்டளைக்காகவும் எழுதவில்லை. சொல்ல ஒரு பாட்டும், கேட்க ஒரு நெஞ்சமும் இருந்தமையால் எழுதினர்.

ஆகவே மாணவச் செல்வங்களே, தேர்வுத் தாளில் மட்டும் தமிழ் எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். இந்த விடுமுறையில் உங்கள் பாட்டிக்கோ மாமாவுக்கோ தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாதெனின் அருகில் அமர்ந்து படித்துக் காட்டுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் தமிழ் எழுத்தில் அனுப்பும் செய்திக்குத் தமிழ் எழுத்திலேயே மறுமொழி தாருங்கள். பிழை இருந்தால் நகைக்காதீர்கள். எழுதிய கையைப் பாராட்டுங்கள்.

ஒரு மூங்கில் துண்டும் ஒரு கத்தியும் கொண்டு சிறிய இனம் ஒன்று தன் எழுத்தைப் பல நூற்றாண்டுகளாகக் காத்தது. இத்தனை வசதிகள் பெற்ற நம்மால் நம் எழுத்தைக் காக்க இயலாதா? இயலும். அதற்கு நாம் நாள்தோறும் எழுத வேண்டும், அவ்வளவே.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!